மேப்பில் ஒரு முக்கோணம்

அன்று கரட்டின் மேல் இருந்தவர்கள் மூன்று பேர்: அப்பா, சித்தப்பா, நான். இடம் காட்ட வருகிறேன் என்று சொல்லி வராதவர், அந்தக் கரட்டு முனியப்பன் கோயில் பூசாரி. மேச்சேரிச் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போய்விட்டாராம்.

எங்களுக்கு அது புது ஊர். இரட்டைக் கரடு, மொட்டைக் குன்றுகள்; ஒன்று உயரம், ஒன்று குட்டை. அடிவாரத்தில் சூளைக்குப் போகிற வெள்ளைக்கல். உழவு மாட்டை விற்று, அதை வெட்டியெடுக்க அப்பா லைசென்ஸ் எடுத்திருந்தார். சர்வே கல்லிலிருந்து மேற்கே இரண்டு பர்லாங் தள்ளி எங்கள் இடம். ஆடிக்குள் கல் விற்றால்தான் மறுபடி மாடு, உழவு எல்லாம்.

வீட்டில் படித்தவன் நான் ஒருவன். ஆகவே மேப் என் கையில். துரைமார் எந்தக் காலத்திலோ அளந்து போட்டது. மேடு காட்டும் பழுப்புக் கோடுகள், எங்கள் வீட்டார் பத்திரத்தில் வைக்கிற கைநாட்டு மாதிரியே சுழித்துக்கொண்டு...

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேப்பில் சர்வே கல்லுக்கான முக்கோணம் உயரக் கரட்டில். கல்லோ குட்டைக் கரட்டில், மஞ்சள் பூசிக்கொண்டு!

"அப்பா, இடம் மாறுதுங்க."

சித்தப்பா சிரித்தார். "கல்லு கண்ணு முன்னால நிக்குது. காயிதத்துல என்னத்தடா தேடறே?"

"படிச்சது போதும் சாமி, சங்கிலியப் புடி" என்றார் அப்பா.

பிடித்தேன். அளந்தோம். ஆள் விட்டுத் தோண்டினோம். நல்ல கல். வண்டியேற்றும் நாளில் பக்கத்து லைசென்ஸ்காரர் ஆட்களோடு வந்து நின்றார் — "யாரு எடத்துல யாரு குழி வெட்டறது?"

சத்தம் கேட்டுப் பூசாரியும் வந்தார். சர்வே கல்லைக் காட்டினார் அப்பா.

"அதுங்களா? அது உசரக் கரட்டுலதானுங்க இருந்துச்சு. பொம்பளைங்க பொங்கப் பானையத் தூக்கிக்கிட்டு அவ்வளவு உசரம் ஏற முடியலீங்க. நாங்கதான் பேத்துக் கொண்டாந்து இங்க நட்டோம்."

"சர்வே கல்லுய்யா அது!"

"உங்களுக்குக் கல்லு. எங்களுக்கு முனியப்பனுங்க."

மேப் போட்ட துரை, மலை நகராது என்று நம்பினார். நியாயம்தான், மலை நகரவில்லை. சாமியைக் கூடவா அவர் கணக்கில் சேர்ப்பார்?

சித்தப்பா இப்போது காகிதத்தைத் திட்டுகிறார். வெட்டிய கல் பக்கத்துக்காரருக்கு. அபராதம் எங்களுக்கு. ஆள்கூலி, குழி மூடிய கூலி வேறு. ஆடி பிறப்பதற்குள், உழ வேண்டிய காட்டையே அடமானம் வைத்தோம் — தொண்ணூறு ரூபாய்.