மாவுக்கட்டும் கல்லா மண்ணாவும்

சாரம் பகுதியில் உள்ள எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் சலீமா இருக்கிறாள். பெரிய மார்க்கெட் பக்கம் அவள் கணவர் ஹாஜாவுக்குப் பாத்திரக்கடை. காலையில் அவளும் கடையைப் பார்த்துக்கொள்வாள். மகன் ஸாகிப் பள்ளி விட்டு வருவதற்குள் வீடு திரும்பிவிடுவாள்.

ஸாகிப் இரண்டாம் வகுப்பு. சமதரையில் நடக்கும்போதே தடுக்கி விழுவான். வகுப்பில் அவனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, டியூஷன் வையுங்கள் என்று பள்ளியில் சொன்னார்கள். வைத்தும் பலனில்லை. குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் பையனை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். அவனால் நிற்க முடியவில்லை.

"உடம்புல ஒரு கொறையும் இல்லம்மா. தெனமும் எவ்ளோ நேரம் ஓடி வெளையாடுறான்?"

"ஓடுறதா? எங்க டாக்டர் ஓடுறது?"

கேட்டவளுக்கே அந்தப் பதில் உறுத்தியது. வேன், பள்ளி, வேன், டியூஷன், செல்போன். அவ்வளவுதான் பையனின் நாள்.

மறுநாள் சாயங்காலம் அவனைக் கீழே கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்து வந்தாள். அந்த நேரத்தில் பாதிக் கார்கள் வெளியே போயிருக்கும். சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டாள். அவன் தயங்கி நின்றதும் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவளே நொண்டியடித்தாள். கீழ்வீட்டுத் துர்காவின் பெண்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள். வாரம் முடிவதற்குள் ஒரு பட்டாளமே கூடிவிட்டது.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் கோபிநாத்துக்கு இது பிடிக்கவில்லை.

"இது கார் நிக்கிற எடம்மா. எதாவது ஒரு புள்ள வுழுந்து அடிபட்டா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன் சார்."

இரண்டு மாதம் கழித்து விழுந்தவன் ஸாகிப்பேதான். கல் என்றால் படி, மண் என்றால் தரை என்று வைத்துக் கல்லா மண்ணா ஆடிக்கொண்டிருந்தார்கள். பிடிக்க வந்தவளிடமிருந்து தப்பிக்க மேல்படியிலிருந்து குதித்தான். இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்ததும் ஹாஜா கொதித்துப் போனார். "போதும் சலீமா. இனிமே அவன் கீழ எறங்கக் கூடாது."

சலீமா அழுது ஓய்ந்திருந்தாள். ஆனால் குரல் தெளிவாக வந்தது. "ரெண்டு மாசம் முன்னாடி இவன் சும்மா நடந்தாலே வுழுவான்ங்க. இப்ப மூணு படி தாண்டிக் குதிச்சிருக்கான். கால தப்பா வெச்சிட்டான். அடுத்த தடவ சரியா வெப்பான்."

மறுநாள் விளையாட்டு நின்றுபோகும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். ஐந்து மணிக்கு அவள் கையில் துடைப்பத்தோடு இறங்கி வந்தாள். பின்னால், கட்டுப் போட்ட கையைக் கழுத்திலிருந்து துணியில் தொங்கவிட்டபடி ஸாகிப். படிகளில் கிடந்த மணலை முதலில் கூட்டித் தள்ளினாள். கட்டுப் பிரிக்கும் வரை ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மகனை ஓரமாக உட்காரவைத்து நடுவராக்கினாள். அவன் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

கோபிநாத் இறங்கி வந்தார். அவர் வாயைத் திறக்கும் முன் சலீமாவே சொன்னாள்:

"நீங்க சொன்னது நடந்துடுச்சி சார். அதுக்காக புள்ளைங்கள வூட்டுல பூட்டி வெக்க முடியாது. என்ன செஞ்சா சரியா இருக்கும், சொல்லுங்க. செஞ்சிடலாம்."

அவர் கையில் கட்டோடு கத்திக்கொண்டிருந்த பையனைப் பார்த்தார். "ஆறு மணி வரைக்கும் கேட்டு சாத்தியிருக்கணும். பெரியவங்க ஒருத்தர் நிக்கணும். எந்த வண்டியும் உள்ள வரக்கூடாது" என்றார். அன்றிலிருந்து துர்காவும் சலீமாவும் முறைவைத்து நிற்கிறார்கள். கார் வைத்திருப்பவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அந்த நேரத்தில் தெருவில் நிறுத்துகிறார்கள்.

கட்டுப் பிரித்தாயிற்று. ஸாகிப்பின் கையெழுத்து இன்னும் கோழி கிண்டியது போலத்தான் இருக்கிறது. ஆனால் பாடவேளை முழுக்க உட்காருகிறான். ராத்திரி படுத்ததும் தூங்கிவிடுகிறான். போன வெள்ளிக்கிழமை ஹாஜா கடையைச் சீக்கிரம் பூட்டிக்கொண்டு வந்து பிள்ளைகளோடு ஓடினார். மகன் அவரை எளிதாகப் பிடித்துவிட்டான்.

பக்கத்துக் காலிமனையின் சொந்தக்காரர் பாரிசில் இருக்கிறார். சலீமா அவருடைய நம்பரைத் தேடிப் பிடித்து, பிள்ளைகள் விளையாட அந்த மனையைக் கேட்டுவிட்டாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாராம்.

"குடுத்துடுவாரு. அவரும் இந்தத் தெருவுல ஆடி வளந்தவருதான?" என்கிறாள். கிரிக்கெட் மட்டை நேற்றே வாங்கியாகிவிட்டது.