என் சகலை விரல் பிடித்த வண்டி

கண்டிக்கு ரயில் வருவதற்கு இரண்டு மழைக்காலம் முன்னால் நடந்தது இது. பேராதனைப் பக்கம் ரோட்டோரத்தில் ஒரு வண்டிப்பேட்டை இருந்தது. தோட்டங்களிலிருந்து கொழும்புக்குக் கோப்பிக்கொட்டை மூட்டை கொண்டுபோகிற மாட்டுவண்டிகள் அங்கேதான் அவிழ்த்துப் போட்டு இளைப்பாறும். அங்கே ஒரு தரகர் பழைய வண்டிகளை வாங்கிச் செப்பனிட்டு விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் நான் வண்டி வாங்கிய கதையைச் சொல்வதென்றால், முதலில் என் சகலையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவன் என் மனைவியின் தங்கை புருஷன். எனக்கு மூன்று வருஷம் பின்னால் கப்பலேறி இங்கே வந்தவன். நான் இன்னும் அடுத்தவன் வண்டியைக் கூலிக்கு ஓட்டிக்கொண்டிருக்க, அவன் சொந்தமாக இரண்டு வண்டி வைத்துவிட்டான். மாட்டுக் கொம்புக்குப் பித்தளைக் குப்பி வேறு! பன்வில பக்கத்துத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, சுமை இருந்தால் முதலில் அவனுக்குத்தான் ஆள் அனுப்புவார். சோறு போடும்போது என் மனைவியும் அவன் பேச்சைத்தான் எடுப்பாள். தங்கைக்கு அவன் என்ன சேலை எடுத்தான், கூரைக்கு எத்தனை கிடுகு புதிதாகப் போட்டான் என்றெல்லாம் சொல்லுவாள். எனக்குச் சோறு இறங்காது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது, வயிறு எரிந்தது. அவன் மாடு ஒன்று நொண்டுகிறது என்று கேள்விப்பட்ட அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

அந்த வருஷம் கோப்பி நன்றாகக் காய்த்திருந்தது. பழம் பறிக்கத் தொடங்குமுன் சொந்த வண்டியோடு வந்தால் பருவம் முழுக்க எனக்கும் சுமை தருவதாகக் கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பாராம். கன்றிலிருந்து வளர்த்த காளைகள் இரண்டு என்னிடம் இருந்தன. வண்டிதான் இல்லை. புதுசு வாங்க வழியில்லை. மனைவி காதிலிருந்த தோட்டைக் கழற்றிக் கொடுத்தாள். அதை விற்ற காசோடு, காளைகளையும் ஓட்டிக்கொண்டு பேட்டைக்குப் போனேன்.

தரகர் காட்டிய வண்டி பழசுதான். ஆனால் சக்கரத்துக்குத் தார் பூசி, பலகைக்குக் காவி அடித்து, மாப்பிள்ளை மாதிரி நிறுத்தி வைத்திருந்தார். எனக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து என் சகலை வந்து சேர்ந்தான். அவனிடம் சொன்னது என் மனைவியாகத்தான் இருக்கும். வந்தவன் குனிந்து, சக்கரத்தின் நடுக்குடத்தை ஒரு கல்லால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டான். பிறகு என்னைச் சற்றுத் தள்ளி அழைத்துக்கொண்டு போனான்.

"அண்ணே, குடத்துல விரிசல் இருக்கும்போல. மெழுகு வச்சு அடைச்சு மேல தார் பூசியிருக்காங்க. அவசரப்படாதீங்க."

நல்லதுக்குத்தான் சொல்கிறான் என்று ஒரு கணம்கூட எனக்குத் தோன்றவில்லை. ஓகோ, இந்த வண்டி மேல் இவனுக்குக் கண் விழுந்துவிட்டது, மூன்றாவது வண்டி வேண்டியிருக்கிறது ஐயாவுக்கு என்றுதான் நினைத்தேன். காளைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனேன்.

எங்கள் தொழிலில் விலையை வாயால் சொல்கிற வழக்கம் இல்லை. தரகரும் வாங்குகிறவனும் கையோடு கை சேர்த்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அதுதான் விலை; ஒரு விரல் என்றால் இத்தனை ரூபாய் என்று கணக்கு. பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. நான் தண்ணீர் காட்டிவிட்டுத் திரும்பினால், என் சகலையின் கை தரகரின் துண்டுக்குள் இருக்கிறது! உடனே எடுக்கவும் இல்லை. இவன் தலையாட்டுகிறான், அவர் தலையாட்டுகிறார். எனக்குத் தலை முதல் கால் வரை பற்றி எரிந்தது.

அவன் நகர்ந்ததும் தரகரிடம் ஓடினேன். அவன் எத்தனை பிடித்தான் என்று கேட்டேன்.

"ஒருத்தர் புடிச்ச விரல இன்னொருத்தருக்குச் சொல்லலாமா? அது தொழிலுக்கு அழகில்லையே" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றார். அந்த மனுஷர் பொய்யும் சொல்லவில்லை, மெய்யும் சொல்லவில்லை. நான் துண்டுக்குள் கையை விட்டு, வீட்டில் நினைத்து வந்ததைவிட இரண்டு விரல் கூட்டிப் பிடித்தேன். அவர் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. வெற்றிலை பாக்கை நீட்டி முடித்துவிட்டார். தரகர் பேரம் பேசாத வண்டி உலகத்தில் உண்டா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். காளைகளைப் பூட்டி, சலங்கை குலுங்க அவன் வீட்டு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் என் வீட்டுக்குப் போனேன்.

சொன்னபடி சுமையும் கிடைத்தது. இரண்டு நடை நன்றாகப் போய் வந்தேன். மூன்றாவது நடை, கடுகண்ணாவை மலை இறக்கம். அவனுடைய இரண்டு வண்டிகளும் கூடவே வந்தன. நான்தான் முன்னால் போவேன் என்று அடம்பிடித்துப் போனேன். ஒரு வளைவில், பள்ளத்துப் பக்கத்துச் சக்கரத்தின் குடம் இரண்டாகப் பிளந்தது. ஆரக்கால்கள் சிதறின. வண்டி அப்படியே சாய்ந்து, நுகத்தடி காளைகளின் கழுத்தை நெரித்தது. அவற்றின் விழி பிதுங்கிற்று. நான் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு அலறினேனே தவிர, வேறொன்றும் செய்யத் தோன்றவில்லை.

பின்னாலிருந்து ஓடிவந்தவன் அவன்தான். பள்ளத்தின் விளிம்பில் கால் வைத்து, பூட்டாங்கயிற்றை அறுத்து, இரண்டு காளைகளையும் விடுவித்தான். வண்டி ஒரு மரத்தில் முட்டி நின்றது. இரண்டு மூட்டை உருண்டு போயிற்று. மிச்சத்தைத் தன் வண்டிகளில் பங்கிட்டு ஏற்றினான். கொழும்பில் மூட்டை இறக்கும் கிட்டங்கியில் அவற்றை என் சுமை என்றே எழுதவும் வைத்தான். அதனால்தான் கணக்கப்பிள்ளை என்னைக் கைவிடவில்லை.

வழியில் கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது கேட்டே விட்டேன். "தம்பி, அன்னைக்குப் பேட்டையில நீ எத்தனை விரல் புடிச்ச?"

அவன் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான். "எனக்கு எதுக்கு அண்ணே அந்த வண்டி? புதுக் குடம் போடுற செலவக் கழிச்சு அண்ணனுக்குக் குடுங்கன்னு கேட்டேன். மூணு விரல் கொறைக்கச் சம்மதிச்சாரு. ஒங்ககிட்ட சொல்ல ஒங்களத் தேடிப் போயிட்டு வர்றதுக்குள்ள நீங்க முடிச்சுட்டீங்க. சந்தோசமா இருந்தீங்க, அதான் சொல்லல."

இந்த இடத்தில் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. எழுந்து போய்க் காளைகளின் கழுத்துப் புண்ணுக்கு மஞ்சள் அரைத்துப் போட்டேன். ஆசாரியிடம் புதுக் குடம் போட்டேன். வருஷங்கள் போய் எனக்கும் இரண்டு வண்டி ஆயிற்று. மனைவி காதுக்குத் தோடும் வந்துவிட்டது.

ஆனாலும் அவன் எதிரே வரும்போதெல்லாம் வயிற்றில் அதே எரிச்சல்தான். அவன் இடத்தில் நான் இருந்திருந்தால் அவனுக்காகத் துண்டுக்குள் கை விட்டிருப்பேனா? மாட்டேன். அன்றைய பொறாமை ஒரு வண்டி வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். அவன் மனசைப் பார்த்து இன்று நான் படுகிற பொறாமையை எந்தப் பேட்டையில் எதை வாங்கித் தீர்ப்பது என்று இதுவரை தெரியவில்லை.