அண்ணனுக்குப் போன பந்து

"காலேஜில நீங்க புட்பால் ஆடுவீகளாமே?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சலிப்புத்தான் வருகிறது. ஆடினேன், ஆடினேன். மதுரையில் இன்டர்மீடியட் படித்த ஒன்றரை வருஷமும் அதைத்தான் ஆடினேன். ஆசையா? ஆசையெல்லாம் முதல் மாசத்தோடு சரி. டீமில் இருந்தால் ஹாஸ்டலில் இடமும் சோறும் இனாம். டீமை விட்டுத் தூக்கினால் பெட்டியோடு அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏற வேண்டியதுதான். தறிக்காரர் வீட்டில் முதன்முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். அதனால் முட்டி வீங்கினாலும் ஆடினேன், காய்ச்சலோடும் ஆடினேன். வகுப்பில் உட்கார்ந்தால் கண்ணைச் சொருகும்.

அப்போது யுத்த காலம். நூலுக்குக் கண்ட்ரோல் போட்டதில் எங்கள் தெருவில் பாதித் தறி சும்மா கிடந்தது. வேலையற்ற இளவட்டங்கள் பாளையம்பட்டிப் பக்கம் வறண்டு கிடந்த கண்மாயில் பந்து உதைக்க ஆரம்பித்தார்கள். அவர்களில் என் அண்ணனும் ஒருவர். என்னைவிட ஏழு வயசு மூத்தவர். எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டு, நான் படிக்கட்டும் என்று தறிக்குழியில் இறங்கியவர். எங்களோடு ஆட வாங்க என்று அவர்கள் காலேஜுக்குக் கடுதாசி போட, எங்கள் கேப்டனும் சரி என்றுவிட்டான்.

பெட்ரோல் கிடைக்காத காலம், கரியில் ஓடுகிற பஸ். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். ஊர் வந்து சேர்வதற்குள்ளேயே பாதி உயிர் போய்விட்டது. கண்மாய்த் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் யார் எந்த டீம் என்றே தெரியாத அளவுக்கு எல்லார் மேலும் புழுதி.

ஆட்டம் முடியப்போகிற நேரம், ரெண்டு பக்கமும் கோல் இல்லை. எங்கள் கோலுக்கு முன்னால் பந்து என் காலில் நின்றது. வேர்வை கண்ணில் இறங்கி எரிகிறது. வலப்பக்கமிருந்து ஒரு குரல்: "தம்முடூ, இக்கட! இக்கட!"

வீட்டில் நாங்கள் பேசுவது தெலுங்கு. தம்பி, இங்கே என்று அந்தக் குரல் கூப்பிட்டால், கையில் இருப்பதை நீட்டித்தான் எனக்குப் பழக்கம். நூல்கண்டோ, தண்ணீர்ச் செம்போ, எதுவானாலும். மூளை யோசிப்பதற்குள் கால் தட்டிவிட்டது. அண்ணன் ஒரே உதை. கோல்!

"வித்துட்டியாடா?" என்றான் கேப்டன். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் ஓடி வந்து என்னை அப்படியே தூக்கிவிட்டார். "சும்மாதான்யா கூப்பிட்டுப் பாத்தேன். எனக்குன்னு குடுத்தான்யா எந்தம்பி!" என்று எல்லார் முன்னாலும் கத்தினார். கண்ணெல்லாம் தண்ணீர். மாசக்கணக்காக நூல் கிடைக்காமல் செத்த முகத்தோடு திரிந்த மனுசன். கேப்டன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். தெரியாமல் கொடுத்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அடுத்த வாரம் டீமில் என் பேர் இல்லை. அந்த மாசக் கடைசியில் ஹாஸ்டலில் இடமும் இல்லை. வீட்டுக்கு வந்து, "படிப்பு ஏறலை" என்றேன். வேறென்ன சொல்ல?

அண்ணன் கொதித்துப்போனார். "ஏலே, ஒனக்காகத்தான நான் குழிக்குள்ள எறங்குனேன்? படிப்பு ஏறலைன்னு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?" ஆறு மாசம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. உண்மையைச் சொன்னால் அவர் சந்தோஷத்தைப் பிடுங்கியது மாதிரி ஆகும். என் படிப்பு போனதே அவரால்தான் என்றும் ஆகிவிடும். பேசாமல் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதையும் எத்தனை வருஷம்தான் வாங்கிக் கட்டிக்கொள்வது, அலுத்துப்போய்விட்டது.

சாகிற வரைக்கும் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டிச் சொல்வார்: "காலேஜைப் பாதில விட்டுட்டு வந்த சோம்பேறி இவன். ஆனா அன்னைக்கு எனக்குன்னு பந்தைக் குடுத்தான் பாருங்க, அதுக்காகத்தான் மன்னிச்சு விட்டிருக்கேன்."