என் லாரியின் இன்ஜின்

என் கணவர் என் லாரியை அளந்துகொண்டிருந்த நாட்களில், அவர் அதைக் கவனித்துக்கொள்கிறார் என்று நான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேபினைத் தூக்கி வைத்துவிட்டு, டேப்பும் டார்ச் லைட்டுமாக இன்ஜினுக்குள் தலையை நுழைத்துக்கொள்வார். எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டால், "ஒண்ணுமில்ல அம்மிணி, சும்மா பாக்கறேன்" என்பார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் வண்டியை இவர் திரும்பிப் பார்த்ததே இல்லை. மனிதர் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்பட்டு டீ போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

லாரி என்றால் பெரிய லாரி இல்லை, மினி லாரி. அருள்புரத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நிட்டிங் கம்பெனியிலிருந்து துணி ரோல்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சாயப்பட்டறையில் இறக்குவது என் வேலை. முதலில் டிரைவர் வைத்திருந்தேன். தீபாவளிக்கு ஊருக்குப் போன டிரைவர் திரும்பி வரவில்லை. அடுத்தவரும் அப்படியே போனார். அதன்பிறகு நானே லைசென்ஸ் எடுத்து ஓட்ட ஆரம்பித்தேன். வண்டி என் பெயரில் இருக்கிறது, தவணை கட்டி முடித்ததும் நான்தான். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுவேன் என்பது ஒன்றுதான் இந்தத் தொழிலில் என் கையிருப்பு. பெண்பிள்ளை லாரி ஓட்டுகிறதா என்று சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தியதும் அதனால்தான்.

என் கணவர் தையல் மெஷின் மெக்கானிக். ஓவர்லாக், பிளாட்லாக் எதுவானாலும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். கையில் வித்தை உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் மனம் முழுக்க ஒரு காரில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பழைய ரேஸ் கார். இரண்டே கதவு, தரையை ஒட்டிய உடம்பு. ஒரு பனியன் கம்பெனி முதலாளி ஆசைப்பட்டு வாங்கி, இன்ஜின் ஜாமானதும் குடோன் மூலையில் போட்டுவிட்டார். உருளாத அந்தக் காரை இவர் வாங்கிக்கொண்டு வந்து, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டுத் தார்ப்பாய் மூடி வைத்திருந்தார். அதற்கான இன்ஜின் நம் நாட்டில் கிடைக்காதாம். வேறு இன்ஜின் போடப்போகிறேன் என்று சொன்னார். என்ன இன்ஜின் என்று நான் கேட்கவில்லை. என் வீட்டு வாசலில் நிற்கிற இன்ஜினாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அதன்பிறகு அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று நான் கணியூர் போனேன். போகும்போதே நிட்டிங் கம்பெனி மேனேஜரிடம், திரும்பி வரும்வரை வேறு வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், திங்கட்கிழமை காலையில் நான் வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எனக்குப் பதிலாக வந்த லாரிக்காரர் அந்த லோடை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார் என்பதும் காதில் விழுந்தது. ஆகவே ஞாயிற்றுக்கிழமையே பஸ் ஏறி வந்துவிட்டேன். என்னைப் பார்த்ததும் கணவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "இன்னும் ரெண்டு நாள் அம்மாகூட இருந்துட்டு வந்திருக்கலாமே" என்றார். பாசம் என்று எடுத்துக்கொண்டேன். கார் ரெடியாகிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னார். நல்லதுங்க என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் எழுந்தபோது அவர் வீட்டில் இல்லை. ஏதோ கம்பெனியில் மெஷின் நின்றுவிட்டதாம், விடிவதற்குள் கிளம்பிவிட்டார். நான் லாரியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன். சத்தமே இல்லை. பேட்டரி இறங்கிவிட்டது என்று நினைத்துக் கேபினைத் தூக்கினேன். உள்ளே இன்ஜின் இல்லை. அது இருந்த இடத்தின் வழியாக எங்கள் வாசல் தரையும், அதில் காய்ந்து கிடந்த எண்ணெய்க் கறையும் தெரிந்தன. என் வீட்டில் திருடன் புகுந்துவிட்டான் என்றுதான் முதலில் பதறினேன். ஒரு விதத்தில் அதுவும் சரிதான்.

போன் போட்டேன். எங்கள் பக்கம் எவ்வளவு கோபம் வந்தாலும் வாயிலிருந்து 'ங்க' போகாது. பல்லைக் கடித்துக்கொண்டே, "ஏனுங்க, என் லாரி இஞ்சின் எங்கீங்க?" என்றேன்.

அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தத்துக்கு நடுவே குரலைத் தாழ்த்தினார்.

"கோவிச்சுக்காத அம்மிணி. காருக்குக் கச்சிதமா உக்காந்திருச்சு. உனக்குப் பழைய இஞ்சின் ஒண்ணு சொல்லி வெச்சிருக்கறேன். ரெண்டு நாள் பொறு."

"பழைய இஞ்சினக் காருக்குப் போட்டிருக்கலாமல்லங்க?"

"காருக்கு நல்ல இஞ்சின் வேணுமில்ல. லாரிக்கு என்ன, எதாச்சும் ஓடுனாப் போதும்."

எதாச்சும் ஓடினால் போதுமாம். இந்த வீட்டில் அடுப்பு எரிவதே அந்த லாரி ஓடுவதால்தான். போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தேன். பானட்டில் ஓட்டை போட்டு என் இன்ஜினை உட்கார வைத்திருந்தார், தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டி காருக்குள் அடங்காது என்று, அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறையில் கொடுத்து வேறு தொட்டி செய்து வாங்கி மாட்டியிருந்தார். கார் கியர்பாக்ஸோடு சேர்க்க லேத்தில் கடைந்த இரும்புத் தட்டு. அத்தனையும் மாதக்கணக்கான வேலை. பட்டறைக்காரரிடம் சொல்லியிருக்கிறார், லேத்துக்காரரிடம் சொல்லியிருக்கிறார். போனில் பார்த்தால், கூட்டாளிகளுக்காக வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறார், அதற்குக் கீழே 'அண்ணா வேற லெவல்' என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். ஊருக்கே தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாது. அந்த இன்ஜின் யாருடையது என்று ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை.

அப்போது மேனேஜர் போன். "அக்கா, வந்துட்டீங்ளா? துணி ரெடிங்க. சாயப்பட்டறைல நமக்கு மெஷின் ஒதுக்கி வெச்சிருக்கறாங்க. சீக்கிரம் எறக்கிரோணுமுங்க, இல்லீன்னா வேற பார்ட்டி துணியப் போட்டுருவாங்க. நீங்க வர முடியலீன்னா சொல்லுங்க, அந்த லாரிக்காரரு இங்கதான் நிக்கறாரு."

"வர்றேனுங்க. அவரப் போகச் சொல்லுங்க" என்றேன்.

சொல்லிவிட்டேன். எதில் போவது? ஷெட்டில் நின்றதைப் பார்த்தேன். இன்ஜின் என்னுடையது. அது எங்கே இருக்கிறதோ அங்கேதானே என் லோடும் ஏற வேண்டும்?

ஸ்பானர் எடுத்து முன்னால் ஒரு சீட்டையும் பின்சீட்டையும் கழற்றினேன். அவர் ஆசை ஆசையாகச் சிவப்பு உறை போட்ட சீட்டுகள். பத்திரமாகக் கொண்டுபோய் லாரியின் பாடிக்குள் வைத்தேன், அதில் இடம் காலியாகத்தானே இருந்தது. பிறகு காரில் உட்கார்ந்தேன், சாவி அதிலேயே இருந்தது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. சாவியைத் திருப்பியதும் என் லாரியின் அதே சத்தம், அதே இருமல். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, ஆத்திரத்தில்தான்.

கம்பெனியில் லோடு ஏற்றுகிற வடநாட்டு ஆட்கள் முதலில் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஏற்றினார்கள். பின்னால் திணித்து, என் பக்கத்தில் நிறுத்தி, மிச்சத்தைக் கூரை மேல் போட்டுக் கயிற்றால் இறுக்கினோம். மேனேஜர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, லோடுச் சீட்டை எழுதிக் கொடுத்தார். எனக்குப் பதில் வந்த லாரிக்காரர் டீக்கடை ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். கார் பறந்தது. அத்தனை பாரத்தை இழுத்துப் பழகிய இன்ஜினுக்கு இந்த உடம்பு ஒன்றுமே இல்லை. மிதித்தால் பாய்ந்தது. எனக்குப் பிடித்துப்போனது, அதில் இன்னும் எரிச்சல் வந்தது. போலீஸ் மறித்தால் ஆர்.சி. புத்தகத்தில் ஒரு இன்ஜின் நம்பர், வண்டியில் வேறு நம்பர் என்று மாட்டப்போவது ஓட்டுகிற நான்தானே என்று நினைத்தபோது அந்தப் பிடித்தமும் போய்விட்டது. காலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன்.

சாயப்பட்டறை லோடு கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் தென்காசிப் பக்கத்துக்காரர். நான் திருப்பத்தில் வரும்போதே லாரிச் சத்தம் என்று கேட்டைத் திறந்துவிட்டார். காரைப் பார்த்ததும் பாதியில் திரும்ப இழுத்தார்.

"யக்கா, நம்ம வண்டின்னுல்லா தொறந்தேன்! காருக்கெல்லாம் முன்பக்கத்து கேட்டுல்லா."

"இது நம்ம வண்டிதானுங்க. உடம்பு மட்டும் மாறிப்போச்சு" என்று பானட்டைக் காட்டினேன். எட்டிப் பார்த்தார். கூரையில் கட்டியிருந்த ரோல்களைப் பார்த்தார். கேட்டை முழுக்கத் திறந்துவிட்டார்.

ஒரு நடையில் முடிகிற லோடு அல்ல. திரும்பத் திரும்பப் போய் வந்தேன். கடைசி ரோலும் நேரத்துக்குள் இறங்கியது. மெஷின் வேறு யாருக்கும் போகவில்லை. அடுத்த நாள் லோடையும் மேனேஜர் எனக்கே சொன்னார்.

சாயங்காலம் கணவர் வந்தார். கூரையில் கயிறு அறுத்த கோடுகள். உள்ளே எங்கு பார்த்தாலும் பஞ்சு. ரோல் சாய்ந்திருந்த இடமெல்லாம் நிட்டிங் எண்ணெய்க் கறை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தார், பாவம் போலத்தான் இருந்தது. பிறகு என்னிடம் வந்து சொன்னார்:

"ஏம்புள்ள, எடுக்கறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

என் காதையே நம்பமுடியவில்லை. நாள் முழுக்க அடக்கி வைத்திருந்ததையெல்லாம் கொட்டிவிடத்தான் நினைத்தேன். ஆனால் வெளியே வந்தது சின்னக் குரல்தான்.

"நீங்க கேட்டீங்களாங்க?"

"கேட்டா நீ குடுத்திருக்க மாட்ட."

"அப்ப, நான் குடுக்க மாட்டேன்னு தெரிஞ்சுதானுங்களே எடுத்திருக்கறீங்க?"

அவர் குனிந்து காரிலிருந்த பஞ்சைப் பொறுக்க ஆரம்பித்தார். தெரியாமல் செய்தார், ஆசையில் புத்தி மழுங்கிச் செய்தார் என்றெல்லாம் நானே அவருக்காகக் காரணம் தேடி வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. என் பதில் அவருக்கு முன்பே தெரியும். அது தடையாக இருக்கும் என்பதால் என்னைக் கேட்காமலே தாண்டிப் போயிருக்கிறார்.

இன்ஜின் என் லாரிக்குத் திரும்பும்வரை தினமும் அந்தக் காரில்தான் லோடு அடித்தேன். அவர் வேகமாகவே வேலையை முடித்தார், ஒவ்வொரு நாளும் காரில் ஒரு கோடு கூடிக்கொண்டே வந்ததல்லவா. லாரிக்கென்று சொல்லி வைத்திருந்த பழைய இன்ஜினைக் காருக்குப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அது வேண்டாம் என்று தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டார்.

போன மாதம் ஒரு நாள் நான் லாரிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார். துணியை எடுத்துக் கொடுத்தார், கேனைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல ஆரம்பித்தார்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"கோயமுத்தூர்ப் பக்கம் ரேஸ் வெச்சிருக்கறாங்க. சனிக்கெழம இஞ்சினக் கழட்டிக் காருக்குப் போட்டுக்கறேன். ஞாயித்துக்கெழம ஓட்டிட்டு, ராத்திரியே உன் வண்டில மாட்டிருவேன். திங்கக்கெழம லோடுக்கு ஒரு கொறையும் வராது. குடுப்பியா?"

நன்றாகத்தான் கேட்டார். நானும் கையைத் துடைத்துக்கொண்டு, அவசரப்படாமல், நன்றாக யோசித்தேன்.

"முடியாதுங்க" என்றேன்.

சரி என்று தலையாட்டிவிட்டு, ஆயில் கேனை மூடி ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.