ஒட்டன்சத்திரம் வரைக்கும் வெறுங்கால்

மகளுக்குப் பேறுகாலம் சிக்கலாகி, டாக்டரம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அன்றைக்கு, ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று பழனி முருகனிடம் வேண்டிக்கொண்டேன். தாயும் பிள்ளையும் நல்லபடியா வெளிய வந்தா, திண்டுக்கல்லிலிருந்து செருப்பில்லாமல் நடந்தே வாரேன் என்று. பதற்றத்தில் கொஞ்சம் கூடுதலாகவே வேண்டிவிட்டேன். மொட்டையோடு நிறுத்தியிருக்கலாம். முடி வளர்ந்துவிடும்.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். அடுத்த தைப்பூசத்துக்குக் கிளம்பினேன். எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. சர்க்கரை வந்து ஒன்பது வருஷம். “காலைப் பத்திரமா பாத்துக்கங்க” என்று டாக்டர் சொல்லியிருந்தார். கீழே விழுந்துவிடாமல் நடக்கச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள்.

துணைக்கு இரண்டு பேர். ஒருத்தி பக்கத்து வீட்டு மதினி. சொந்தம் கிடையாது, இருபது வருஷமாக ஒருத்திக்கொருத்தி மதினி. நாகல் நகரில் அவள் இட்லிக்கடை போட்டிருந்தாள். அவள் கடை வாசலில்தான் நான் பூக்கட்டி விற்றேன். இன்னொருவர் எதிர்வீட்டு டீச்சர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வேதக்காரர். வேளாங்கண்ணிக்கு மூன்று தடவை நடந்தவர்.

“உங்க சாமிக்கு நடக்க நான் வரலாம்ல?” என்று கேட்டார். “எனக்கு நேர்த்திக்கடன் எதுவும் இல்ல. அதனால நான் செருப்பு போட்டுக்குவேன். இப்பவே சொல்லிட்டேன்.”

கிளம்பிய காலையில் மதினி என் பையைத் தூக்கிப் பார்த்தாள்.

“என்ன மதினி, மெடிக்கல் ஷாப்பையே பேத்து எடுத்துட்டு வாறீங்களா?”

“உனக்குத்தான். உனக்கு பிரசர் இருக்குல்ல.”

“எனக்கு பிரசர் வந்ததே உங்க பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பெறகுதான்.”

போகும் வழியெல்லாம் எனக்குக் கவலைதான். காஸை மூடினேனா. பின்பக்கத் தாழ்ப்பாள் போட்டேனா. லாரிக்காரன் தூங்கிவிட்டால் என்ன செய்வது. மதினிக்கு மயக்கம் வந்தால் யார் தூக்குவது. தை மாசத்தில் மழை வராது என்று யார் சொன்னது. காலைப் பற்றி மட்டும் கவலைப்படவில்லை. அது வலிக்கவே இல்லை.

ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் மதினி நொண்ட ஆரம்பித்தாள். டீச்சருக்குச் செருப்பு வார் உரசிப் புண்ணாகிவிட்டது. நான் பாட்டுக்கு நடந்தேன். கல்லும் தெரியவில்லை, தார்ச்சூடும் தெரியவில்லை.

“எங்களுக்கெல்லாம் ரோடு. உங்களுக்கு மட்டும் முருகன் மெத்தை விரிச்சிருக்கான்” என்றாள் மதினி, பாதி பொறாமையோடு.

எனக்கும் அப்படித்தான் பட்டது. வேண்டுதலைச் சாமி ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன். அன்றைக்கு ஒரு அரை மணி நேரம் நான் எதற்குமே கவலைப்படவில்லை. என் நினைவில் அப்படி ஒரு அரை மணி நேரம் அதுதான்.

இரண்டாம் நாள் ஒட்டன்சத்திரத்துக்குச் சற்று முன்னால், பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாக ஒரு கூட்டம் மோர்ப்பந்தலில் உட்கார்ந்திருந்தது. நாங்களும் உட்கார்ந்தோம். மதினி அவர்களிடம் என் பெருமையைச் சொல்லிவிட்டாள். சர்க்கரைக்காரி, வெறுங்காலு, ஒரு வலி கிடையாது. அதைக் கேட்டு ஒரு அம்மா எழுந்து வந்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று காலை இழுப்பதற்குள் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனவர், கையைப் பார்த்து நின்றுவிட்டார். விரலெல்லாம் சிவப்பு.

“குங்குமமாங்க?” என்று கேட்டார்.

டீச்சர் என் காலைத் திருப்பிப் பார்த்தார். “ரத்தம்” என்றார்.

பக்கத்திலேயே யாத்திரைக்காரர்களுக்காக மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். அங்கே இருந்த நர்ஸம்மா காலைக் கழுவி, இடுக்கியால் ஒரு கருவேல முள்ளை எடுத்துக் காட்டினார். என் சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும்.

“எப்பக் குத்துச்சுங்க?”

“தெரியாதும்மா.”

“கண்ண மூடிக்கங்க. நான் தொடறப்ப எல்லாம் சொல்லோணும்.”

மூடிக்கொண்டேன். செத்த நேரம் காத்திருந்தேன்.

“ஆரம்பிங்கம்மா” என்றேன்.

“ஆறு தடவை தொட்டாச்சுங்க” என்றார்.

மதினி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். 

நர்ஸம்மா கட்டுப் போட்டார். இனி ஒரு எட்டு நடக்கக்கூடாது, பழனியோ திண்டுக்கல்லோ, பஸ்ஸில்தான் போகணும், ஊருக்குப் போனதும் டாக்டரிடம் காட்டணும், இல்லையென்றால் காலை எடுக்கும்படி ஆகிவிடும் என்றார்.

“காலு போனா எனக்குத்தான போகும்” என்றேன். “வாக்குத் தப்புனா பேத்திக்குல்ல ஆகும்.”

“காலு போனா ஒங்களத் தூக்கிச் சுமக்கப்போறது ஒங்க மகதான்” என்றாள் மதினி. “கைப்பிள்ளையையும் வச்சுக்கிட்டு. நல்லா யோசிங்க மதினி.”

யோசித்தேன். அழுதேன். என்னை மட்டும் பழனி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அவர்கள் இருவரும் நடந்தார்கள். இரண்டு நாள் நடந்து வந்த அளவுக்குத் தூரம் இன்னும் மீதி இருந்தது, அதை பஸ் முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டது. அதுவே எனக்குத் தப்பாகப் பட்டது.

அடிவாரத்தில் ஒரு சத்திரத்தில் இடம் கிடைத்தது. பக்கத்திலேயே எஸ்.டி.டி. பூத். சாணார்பட்டியில் இருந்த மகளுக்குப் போன் போட்டேன்.

“பிள்ளை எப்படி இருக்கு?”

“தூங்குறாம்மா.”

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் போட்டேன்.

“இப்பவும் தூங்குறா. நீ போன் அடிச்சு எழுப்பிராத.”

மூன்றாவது தடவை, பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கிறது என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.  எப்பயிருந்து, எப்பயிருந்து என்று கத்தினேன்.

“நேத்துலருந்தும்மா. லேசாத்தான்.”

நேற்று நான் வெறுங்காலோடு முறையாக நடந்துகொண்டிருந்தேன். அப்படியென்றால் இது பஸ்ஸால் வந்த சளி இல்லை. அந்த நிம்மதியில் இரண்டு இட்லி சாப்பிட்டேன். சளிக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்க மறந்துபோனது பிறகுதான் நினைவுக்கு வந்தது. நாலாவது தடவை போன் போட்டேன். அவள் எடுக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். மதினி வழக்கம்போல நொண்டினாள். டீச்சரும் நொண்டினார். காலில் செருப்பு இல்லை.

“செருப்பு அறுந்துபோச்சா டீச்சர்?”

“பைக்குள்ள இருக்கு. உனக்குப் பதிலா நடந்தேன்.”

“அப்படி நடக்கலாமா?”

“பள்ளிக்கூடத்துல ஒரு டீச்சர் லீவு போட்டா, இன்னொரு டீச்சர் போயி அந்த கிளாஸ எடுக்கறதில்லையா? அது மாதிரிதான்.”

“நீங்க வேற பள்ளிக்கூடமாச்சே” என்றேன். வாய்க்குள் வைத்திருக்க முடியவில்லை.

டீச்சர் கோபப்படவில்லை. “பாடம் ஒண்ணுதான்மா” என்று சொல்லிவிட்டு வெந்நீர் கேட்டு வாங்கி, இரண்டு காலையும் உள்ளே வைத்துக்கொண்டார். பாதம் முழுக்கக் கொப்புளம். என் காலில் இருந்தது ஒரே ஒரு ஓட்டை. அது ஆற இரண்டு மாசம் ஆனது என்றாலும், அன்றைக்கு அவர் முன்னால் காலை நீட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது.

காலையில் மதினியும் நானும் விஞ்சில் ஏறி மேலே போனோம். டீச்சர் வரவில்லை. அடிவாரத்தில் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்துகொண்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் முருகனிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வரிசையில் நின்ற மூன்று மணி நேரமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சன்னதி வந்தது. “ஒட்டன்சத்திரம் வரைக்கும் வெறுங்காலோடதான் வந்தேன்பா, அதுக்கப்புறம்” என்பதற்குள் ஒரு கை என் தோளைத் தள்ளியது. “நகருங்க, நகருங்க.” வெளியே வந்துவிட்டேன்.

“பாதிதான் சொல்ல முடிஞ்சது” என்று கீழே வந்து டீச்சரிடம் சொன்னேன். “நல்ல பாதி மட்டும் சொல்லி ஏமாத்துன மாதிரி ஆயிருச்சு.”

“மீதிய நான் இங்க இருந்தே மலையப் பாத்து சொல்லிட்டேன். வா, பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

என்ன சொன்னீங்க, எந்த வார்த்தையில் சொன்னீங்க, பேத்தி பேரைச் சொன்னீங்களா என்று பஸ்ஸில் ஒட்டன்சத்திரம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தேன். அதற்குப் பிறகு டீச்சர் தூங்குவதுபோல இருந்துவிட்டார்.