கணவாய்க்கு மேலே கொண்டுபோன கடிதம்

சென்ற வருடம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு, சுவிஸில் நான் வாழும் ஓல்டன் நகரின் பழைய மரப்பாலத்தடியில் சைக்கிளோடு நின்றேன். ஆரே ஆற்றங்கரையில் தொடங்கி, ஜூரா மலைகளின் இரண்டு கணவாய்களை ஏறி இறங்கி, அன்று பின்னேரம் அதே பாலத்தடிக்குத் திரும்பி வந்தேன். அறுபது கிலோமீட்டருக்கு மேல் வரும். மோட்டார் பூட்டிய சைக்கிள் அல்ல. எனக்கு வயது அறுபத்தொன்பது. இதைப் பெருமைக்காக எழுதவில்லை என்று சொன்னால் அது பொய். பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்குள்ளே ஒரு வெட்கக்கேடும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு மலை ஏறிய கதையை மட்டும் சொல்ல எனக்கு உரிமையில்லை.

என்னோடு வந்தவள் என் மகள். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளின் தாய், மருத்துவமனையில் உடற்பயிற்சிச் சிகிச்சையாளராக வேலை செய்கிறாள். நான் ஓய்வுபெற்ற பிறகு சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கூடிப்போனது. அவள்தான் தன்னுடைய பழைய சைக்கிளைக் கொண்டுவந்து தந்து என்னை வெளியே இழுத்தாள். முதல் வருடம் முழுக்க ஆற்றோரச் சமதரைதான். இரண்டாம் வருடம் சிறிய மேடுகள். அந்த வருடந்தான் இறுக்கமான சைக்கிள் கால்சட்டையும் வாங்கித் தந்தாள். அதைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டபோது என் மனைவி ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள்.

“இந்தக் கோலத்தில கோயில் பக்கம் மட்டும் போயிடாதேங்கோ” என்றாள்.

பகிடியாகத்தான் சொன்னாள். எனக்கோ உள்ளே சுருக்கென்றது. இருபது வருடங்களுக்கு முன் நான் செய்த காரியத்துக்கு அப்படியான ஒரு கால்சட்டையும் காரணம்.

யாழ்ப்பாணத்தில் நான் கணித ஆசிரியர். இங்கே வந்து முதலில் உணவக சமையலறையில் பாத்திரம் கழுவினேன். பிறகு ஓல்டனில் பார்சல்கள் தரம் பிரிக்கும் நிலையமொன்றில் நிலையான வேலை கிடைத்தது. வீட்டுக்கு வரும் டொச், அதாவது ஜெர்மன் மொழிக் கடிதங்களை எல்லாம் மகள்தான் வாசித்துத் தமிழில் சொல்வாள். எட்டு வயதிலேயே தொடங்கிவிட்டாள். நகரசபை, காப்புறுதி, விசா, எதுவாக இருந்தாலும் அவள் பள்ளிக்கூடத்தால் வரும்வரை மேசையில் பிரிக்காமல் கிடக்கும். எங்கள் ஆட்கள் பலருடைய வீட்டில் இதுதான் நிலைமை. பட்டம் படித்த ஒருவனுக்குத் தன் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு இருப்பது கஷ்டமாக இருந்தது. அதனால் வேலை இடைவேளைகளில் அகராதியை வைத்துக்கொண்டு இரகசியமாக டொச் வாசிக்கப் பழகினேன். பிழை விட்டால் வெட்கம் என்று யாருக்கும் சொல்லவில்லை.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது அவள் ஒரு சைக்கிள் கழகத்தில் சேர்ந்திருந்தாள். மாநில இளையோர் அணிக்கான தெரிவுப் போட்டிக்குப் போய்விட்டு, முடிவுக் கடிதம் வரும் என்று காத்திருந்தாள். அது ஒரு வேலை நாளில், நான் மட்டும் வீட்டில் இருந்தபோது வந்தது. பெற்றோர் பெயருக்கு. நானே பிரித்து, அகராதியோடு அரை மணித்தியாலம் இருந்து வாசித்தேன். தெரிவாகிவிட்டாள். சனி, ஞாயிறுகளில் பயிற்சி. சம்மதமா இல்லையா என்று பெற்றோர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி என்று நினைத்தேன். அந்தக் கால்சட்டையோடு அவளுடைய படம் பத்திரிகையில் வந்தால் சனம் என்ன கதைக்கும் என்று நினைத்தேன். ஊரில் சண்டையால் எரிபொருள் இல்லாத காலத்தில் சைக்கிள் மிதித்து மிதித்துச் சலித்தவன் நான். என் பிள்ளை கார் ஓட வேண்டும், சைக்கிள் அல்ல என்றும் நினைத்தேன். சம்மதமில்லை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன். அதன் கீழே காரணம் எழுத ஒரு கோடு இருந்தது. ‘எங்கள் மகளுக்கு விருப்பமில்லை’ என்று எழுதினேன். நான் சொந்தமாக டொச் மொழியில் எழுதிய முதல் வசனம் அதுதான்.

கழகத்துக்கு விடுமுறையாக இருந்த இரண்டு கிழமையும் அவள் ஒவ்வொரு நாளும் தபால் பெட்டியைத் திறந்து பார்த்தாள். கழகத்துப் பயிற்சியாளர் ஒருமுறை தொலைபேசியில் அழைத்தார். எனக்கு டொச் தெரியாது என்று டொச்சிலேயே சொல்லி வைத்துவிட்டேன். பிறகு அவள் கழகத்துக்குப் போவதையே விட்டுவிட்டாள். சைக்கிளை நிலக்கீழ் அறையில் ஆணியில் மாட்டினாள். தான் தெரிவாகவில்லை, தனக்கு வேகம் போதாது என்று அவள் நம்பிக்கொண்டாள். நான் அவளை நம்பவிட்டேன். அதற்குப் பிறகும் பல வருடங்கள் அவள்தான் எங்களுக்குக் கடிதம் வாசித்தாள்.

இதை நான் சாகும்வரை சொல்லாமல் இருந்திருப்பேன். ஆனால் சென்ற வருடம் சித்திரையில், ஆற்றங்கரையில் பக்கத்துப் பக்கமாகச் சைக்கிள் ஓடும்போது அவள் சாதாரணமாக ஒன்று சொன்னாள். அவளுடைய பத்து வயது மகள் சைக்கிள் கழகத்தில் சேரக் கேட்கிறாளாம். அவ்வளவு ஆசைப்படாதே, எங்கள் குடும்பத்துக் கால் அதற்கு ஏற்றதில்லை, நானும் ஒரு காலம் முயன்று பார்த்தவள்தான் என்று சொல்லி வைத்திருக்கிறாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் பொய் அடுத்த தலைமுறைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுவது என்று அன்றிரவே முடிவு செய்தேன். அவளுக்கு வெகுநாளாக என்னை ஒரு கணவாய்க்குக் கூட்டிப்போக ஆசை. வாறன் என்றேன்.

ஆரே ஆற்றோடு போய், ஆராவ் நகருக்கு முன்னால் இடப்பக்கம் திரும்பினால் முதலாவது ஏற்றம். உச்சியைப் பார்க்க வேண்டாம், முன்சில்லுக்கு மூன்று மீட்டர் முன்னால் மட்டும் பாருங்கோ என்று அவள் சொல்லித் தந்திருந்தாள். நான் அதோடு பதினேழாம் வாய்ப்பாட்டையும் சேர்த்துக்கொண்டேன். ஒரு மிதிக்கு ஒரு வரி. காட்டுக்குள்ளால் வளைந்து வளைந்து ஏறும் பாதை. இரண்டு இடத்தில் கால் ஊன்றி நின்றேன். ஆனாலும் மேலே போய்ச் சேர்ந்தேன். அவள் முதுகில் தட்டி, வீட்டுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோசம். அந்தச் சந்தோசத்தை உடைக்கப் போகிறேன் என்று தெரிந்துகொண்டே, அங்கே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்து ஒன்றும் விடாமல் சொன்னேன்.

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த வாழைப்பழத்தைப் பாதியில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“அப்ப உங்களுக்கு டொச் வாசிக்கத் தெரியுமோ?”

ஓம், தெரியும் என்றேன். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மறுபக்கச் சரிவில் இறங்கிப் போய்விட்டாள்.

எனக்குப் பாதை தெரியாது. வழிகாட்டும் கருவி அவளுடைய சைக்கிளில் இருந்தது. மஞ்சள் நிற வழிப்பலகைகளைப் பார்த்துப் பார்த்து, செரி மரங்கள் நிறைந்த மேட்டு நிலத்தால் தனியே ஓடினேன். மகளை இழந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூன்றாவது ஊரின் நடுவில், கல்தொட்டிக் குழாயடியில் அவள் போத்தலுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. கடிதத்தைக் கிழித்துப் போட்டீங்களோ என்று கேட்டாள்.

அகதியாக வந்தவன் கடிதம் எதையும் கிழிக்க மாட்டான். எந்தக் காகிதத்தை எவன் எப்போது கேட்பான் என்று தெரியாது. அந்தக் கடிதம் இருபது வருடமாக என் அகதி விண்ணப்பப் பத்திரங்களோடு ஒரே கோப்பில்தான் கிடந்தது. நான் அனுப்பியது அதன் அடியில் இருந்த துண்டை மட்டுந்தான். இப்போது அது என் மேற்சட்டையின் பின்பையில், பிளாஸ்டிக் உறையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“அடுத்த ஏற்றம், ஹவுன்ஸ்டைன் கணவாய்க்கு மேல கொண்டுவந்து தாங்கோ” என்றாள். “களைச்சால் ரெயிலில வீட்டை போங்கோ. கடிதத்தைத் தபாலில போட்டுவிடுங்கோ. எனக்குத் தெரியாமல் தபாலில போடுறது உங்களுக்குப் பழக்கமில்லாத வேலையே?”

எனக்கு அது வேண்டியதுதான். சொல்லிவிட்டு அவள் மறுபடி முன்னால் போய்விட்டாள்.

பாதை பள்ளத்தாக்குக்கு இறங்கி, ஓடையோரமாக மறுபடி ஏறத் தொடங்கும் இடத்தில் லொய்ஃபெல்ஃபிங்கன் என்ற ஊர். நான் போய்ச் சேர்ந்தபோது நிலையத்தில் சின்ன ரயில் கதவைத் திறந்துகொண்டு நின்றது. மலைக்கு அடியால் சுரங்கத்துக்குள் புகுந்து, பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஓல்டனில் இறக்கிவிடும். தொடை இரண்டும் கல்லாகியிருந்தன. வாசலில் நின்ற ஒரு பெண், ஏறப் போகிறேன் என்று நினைத்து விலகி இடம்கூட விட்டாள். நான் தலையை ஆட்டி மறுத்தேன். கதவு மூடி ரயில் மலைக்குள் போவதைப் பார்த்துவிட்டு, ஆகச் சின்னக் கியரைப் போட்டேன்.

இந்த ஏற்றத்தில் கால் ஊன்றுவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பதினேழாம் வாய்ப்பாடு முடிந்தது. பத்தொன்பதாம் வாய்ப்பாடு தொடங்கினேன். நடுவில் மறந்துபோய் முதலிலிருந்து சொன்னேன். மோட்டார் பூட்டிய சைக்கிளில் என்னை முந்திப்போன ஒரு சுவிஸ் கிழவர் திரும்பிப் பார்த்து, “ஹொப், ஹொப்!” என்று உற்சாகப்படுத்திக் கையை உயர்த்தினார். பின்பையில் இருந்த கடிதம் ஒவ்வொரு மிதிக்கும் முதுகில் உரசியது. கடைசி வளைவில் சைக்கிள் நடை வேகத்துக்கும் குறைந்து ஆடத் தொடங்கியது. முடியாது என்று வலது காலை எடுக்கப் போனேன். வளைவின் மேலே அவள் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

“கால் ஊண்டாதேங்கோ, அப்பா.”

நான் ஊன்றவில்லை. கணவாயின் பெயர்ப்பலகை என் பக்கத்தால் பின்னுக்குப் போனது. புல்லில் சைக்கிளோடு சரிந்து விழுந்தேன். அப்படியே படுத்தபடி பின்பைக்குள் கையை விட்டுக் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் மனதுக்குள் வாசித்தாள். பிறகு, பழக்கதோஷமோ என்னவோ, சின்ன வயதில் செய்தது போலவே விரலை வரிக்குக் கீழே வைத்து, சத்தமாக எனக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். அன்புள்ள பெற்றோருக்கு. உங்கட மகளை எங்கட அணிக்கு எடுக்கிறதில எங்களுக்குச் சந்தோசம். நான் ஏற்கெனவே வாசித்த கடிதம்தான். ஆனாலும் அவளுடைய குரலில் இப்போதுதான் முதல் தடவையாகக் கேட்டேன். நடுவில் ஓரிடத்தில் குரல் நின்றது. அந்த வரியை மறுபடியும் சொன்னாள். ஏற்றப் பரீட்சையில் எல்லாரையும் விட வேகமாக ஏறியது உங்கள் மகள்தான் என்று அதில் இருந்தது. நான் அன்று அகராதியோடு வாசித்தபோது அந்த வரியில் நிற்கக்கூட இல்லை.

அவள் கடிதத்தை மடித்தாள். அழுதாள், பிறகு சிரித்தாள்.

“உங்களை இன்னும் மன்னிக்கேல்லை. அது வேற கதை. ஆனா அப்பா, ஏற்றத்தில நான்தான் முதல்.”

எழும்பிச் சைக்கிளில் ஏறி, ஓல்டன் பக்கச் சரிவில் பாய்ந்தாள். அப்படி ஒரு இறக்கத்தை நான் பார்த்ததில்லை. கைப்பிடிக்கு மேல் குனிந்து, ஒவ்வொரு வளைவிலும் சைக்கிளைச் சாய்த்து, பதினைந்து வயதில் விட்ட இடத்திலிருந்து தொடங்கியவள் போலப் போனாள். நான் பிரேக்கைப் பிடித்தபடி, வாய்விட்டுச் சத்தம் போட்டுக்கொண்டு பின்னால் வந்தேன். ஆரே ஆறு கீழே தெரிந்தது. மரப்பாலத்தடியில் எனக்கு முன்பே நின்று, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் தலையில் ஊற்றினாள்.

அந்தக் கடிதம் இப்போது அவளுடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது. பேத்தி கழகத்தில் சேர்ந்துவிட்டாள். விண்ணப்பத்தில் மகள் கையெழுத்துப் போடும்போது என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து, வாசித்துச் சொல்லுங்கோ என்று நீட்டினாள். நான் வரி வரியாக வாசித்துச் சொன்னேன். மன்னித்தாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

பார்சல் நிலையத்தில் இருந்த காலம் முழுக்க ஆயிரமாயிரம் பேருடைய பொருட்களை உரிய விலாசத்துக்குப் பிரித்து அனுப்பியவன் நான். என் சொந்த வீட்டு விலாசத்துக்கு வந்த ஒரு கடிதத்தை உரியவளிடம் சேர்க்க எனக்கு இருபது வருடமும் இரண்டு கணவாயும் தேவைப்பட்டன என்பதை, ஒவ்வொரு ஏற்றத்திலும் என் கால்கள் எனக்கு நினைவுபடுத்திக்கொண்டே இருக்கின்றன.