மின்விசிறிக்குக் கீழே வாள்வீச்சு

நிமிர்ந்து நின்று வெட்டினால்தான் அடுத்த வாரம் எதிராளியோடு பயிற்சி என்று வாள் ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆகவே எலெக்ட்ரீஷியன் தம் மர நீள்வாளை இரு கைகளாலும் பற்றி, வீட்டுக் கூடத்தில் தனியாகப் பழகினார். ஓங்கும்போதெல்லாம், தாமே மாட்டிய மின்விசிறிக்குப் பயந்து முழங்காலை மடக்கினார். வெட்டு கோணலாகவே இறங்கியது. வெறுத்துப்போய் மொட்டைமாடிக்கு ஏறினார். அங்கும் வாளை ஓங்கியதும் முழங்கால் தானாக மடங்கியது.

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி சிரித்துவிட்டாள். “ஏங்க, வானத்துலயும் ஃபேன் மாட்டிட்டீங்களா?”

“நீ வேற, எரிச்சலைக் கிளப்பாதே!”

மறுபடி ஓங்கினார், மறுபடியும் மடங்கியது. இத்தனை நாளும் தாம் ஒழுங்காகப் பழகியது முழங்காலை மடக்குவதை மட்டுமே என்று புரிந்தபோது அவருக்கு அழுகையே வந்துவிடும்போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வாளைத் தூக்கினார்.

“சிரிச்சது போதும். காலைப் பாரு. மடங்கினா உடனே கத்து.”